ஜெயிலில் இருக்கும் பெண்ணுக்குப் போதை சிகிச்சை கிடைக்க வீட்டார் என்ன செய்யலாம்?

வீட்டுப் பெண் ஒருத்தி கைதாகி ரிமாண்டில் போய்விட்டாள், அவளுக்குக் குடியோ மாத்திரையோ ஊசியோ பழக்கம் உண்டு என்றால், வக்கீல் தேடி அலைவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவள் என்ன எடுத்துக்கொள்வாள், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாக எடுத்தது எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். 'தினமும் இரண்டு குவார்ட்டர், ஆறு வருடமாக, கடைசியாகத் திங்கள் இரவு 9 மணி' என்று இருந்தால் போதும். முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதையும், நாள் தள்ளிப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு அவசரம் என்றால், தினமும் நிறையக் குடித்தவருக்குத் திடீரென்று நின்றுபோனால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்து உடம்பு முழுக்க நடுக்கம், காய்ச்சல், இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம், சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். கைதான நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள், அந்த மூன்றாவது நாளில் அவள் புழலிலோ வேலூரிலோ திருச்சியிலோ பெண்கள் சிறையில் யாரும் முகம் தெரியாத ஒரு பிளாக்கில் இருப்பாள்.

சட்ட உதவித் தன்னார்வலராக நான் போன ஒரு இடத்தில் இப்படித்தான் ஆனது. ஒரு அம்மா பிஸ்கட்டும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு, சிறையில் மகளைப் பார்க்க மனு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் வந்து போனை எடுத்தாள், கை ஆடிய ஆட்டத்தில் போன் காதில் நிற்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ராத்திரி பூராவும் சுவரைப் பார்த்துப் பேசினாள், பேய் பிடித்திருக்கிறது என்று கூட இருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அம்மாவுக்கு விஷயம் தெரியும். 'குடிக்கிற பொண்ணுன்னு சொன்னா உள்ள கேவலமா நடத்துவாங்களேம்மா' என்று பயந்து ஐந்து நாளாக வாயைத் திறக்கவில்லை. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆண் குடித்தால் உடம்பு சரியில்லை என்பவர்கள்கூடப் பெண் குடித்தால் ஒழுக்கம் சரியில்லை என்றுதானே பேசுகிறார்கள். ஆனால் தயவுசெய்து அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வெட்கப்படாதீர்கள், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்தத் தாளை யாரிடம் கொடுப்பது? மூன்று இடம் இருக்கிறது. கைதான பிறகு போலீஸ் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் உடம்பைப் பார்க்கவைப்பார்கள், பெண் என்றால் பெண் டாக்டர் பார்க்க வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் பார்க்க வேண்டும் என்பது சட்டம், அங்கேயே சொல்லலாம். அதைத் தவறவிட்டால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள், அப்போது வக்கீல் எழுந்து 'இவருக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது, சிறை மருத்துவமனையில் சிகிச்சை தர உத்தரவிட வேண்டும்' என்று ஒரு மனுவாகவே கொடுத்துவிடலாம். வாயால் சொல்வதைவிட மனுவாகக் கொடுப்பதுதான் நல்லது, ஏனென்றால் காகிதம் கோப்பில் இருந்தால் பிறகு ஏன் செய்யவில்லை என்று கேட்க முடியும். அதுவும் நடக்கவில்லையா, சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு கடிதமும் சிறை மருத்துவருக்கு ஒரு நகலும் எழுதி, முன்பு ஏதாவது ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் அந்தச் சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வாருங்கள். அங்கே நல அலுவலர் இருந்தால் அவரையும் நேரில் பாருங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண் என்றாலே, காவலில் இருப்பவர் என்றாலே, வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

கேட்பது சலுகை என்று நினைத்துக் கூனிக்குறுக வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநோய் என்பதற்கான விளக்கத்திலேயே மது, போதைப்பொருளால் வரும் மனப் பாதிப்பும் அடங்கும், சிறை மருத்துவர்களுக்கு அடிப்படை மனநல சிகிச்சையில் அரசு பயிற்சி தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. 2010-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள் இன்னும் தெளிவு. பெண் கைதிக்குத் தரும் போதை சிகிச்சை அவள் முன்பு அனுபவித்த கொடுமைகளையும் கர்ப்பத்தையும் கையில் குழந்தை இருப்பதையும் கணக்கில் எடுத்துத்தான் அமைய வேண்டும் என்கிறது.

உள்ளே என்ன சிகிச்சை நடக்கும் என்பதையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அவளிடம் சரியான கேள்வி கேட்க முடியும். குடிக்கு, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், கூடவே பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் இந்த பி1 போவது முக்கியம். ஹெராயினோ, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கமோ என்றால், வாந்தி, பேதி, எலும்பெல்லாம் முறிகிற மாதிரி வலி என்று ஒரு வாரம் பத்து நாள் படுத்திவைக்கும். இதற்கும் மருந்து இருக்கிறது. புப்ரினார்ஃபின் கொடுத்துச் சமாளிக்கும் முறையை திகார் சிறையிலேயே செய்திருக்கிறார்கள். கர்ப்பிணி என்றால் இந்த வகைப் போதையைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து, மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். சிறையில் வசதி இல்லையென்றால் வழிக்காவலுடன் அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கோர்ட்டில் மனு போடச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளை துடிக்கிறாளே என்று சாப்பாட்டுப் பொட்டலத்திலோ துணி மடிப்பிலோ மாத்திரை வைத்து அனுப்பியவர்கள் உண்டு. பிடிபட்டால் அவள்மேல் இன்னொரு கேஸ், உங்கள்மேல் ஒன்று.

போதைப்பொருள் வழக்கு என்றால் வக்கீலிடம் இரண்டு பிரிவுகளைப் பற்றிக் கேளுங்கள், 64ஏ மற்றும் 39. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் இருப்பவைதான். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு என்றால் (ஹெராயின் 5 கிராம், கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு), அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் 64ஏ வழக்கிலிருந்தே பாதுகாப்புத் தருகிறது, பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். குற்றம் நிரூபணமான பிறகும்கூட 39-இன் கீழ், தண்டனைக்குப் பதில் அவள் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பெரிய அளவு, வியாபாரம் என்று வழக்கு இருந்தால் இவை உதவாது, ஜாமீனே கஷ்டம்.

மனு போட்டு அவளைப் பார்க்கப் போகும்போது 'இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்று கேட்காதீர்கள். தூங்கினாயா, டாக்டர் பார்த்தாரா, மாத்திரை வேளைக்குத் தருகிறார்களா என்று கேளுங்கள். அப்புறம் பிள்ளைகள் பற்றிச் சொல்லுங்கள், நான் பார்த்த பெண்களில் பாதிப் பேருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கவலைதான். ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் பிள்ளையைத் தன்னுடன் வைத்துக்கொள்ளத் தாய்க்கு உரிமை இருக்கிறது.

வெளியே வரும் நாளைப் பற்றி இப்போதே யோசித்துவையுங்கள். ஊசி, ஹெராயின் பழக்கம் இருந்தவருக்குச் சிறையில் சில வாரம் இல்லாமல் இருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும், வந்த கையோடு பழைய அளவை எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். முதல் இரண்டு வாரம் மிக ஆபத்தானது. உதடு நீலம் பூத்து, குறட்டை மாதிரி மூச்சு இழுத்து, எழுப்பினால் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், என்ன எடுத்தாள் என்று உண்மையைச் சொல்லுங்கள், அந்தப் போதையை முறிக்கும் ஊசி இருக்கிறது.

அவளுக்குப் பழக்கிவிட்டதே புருஷன் என்றால் அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பாதீர்கள், சித்தி வீடோ அக்கா வீடோ பாருங்கள். சிகிச்சைக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு இருக்கிறது, 2025-இல் தமிழக அரசு தொடங்கிய 'கலங்கரை' போதை சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, 14446-க்குப் போன் செய்தாலும் பக்கத்து மையத்தைச் சொல்வார்கள். தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று காட்டச் சொல்லுங்கள், பெண்களுக்குத் தனி வார்டும் பெண் ஊழியரும் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் விடாதீர்கள்.

ஜாமீன் உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்து அவள் வெளியே வருவதற்குள் பெரும்பாலும் இருட்டிவிடும், ஓபியும் மூடியிருக்கும். அன்று ராத்திரி அவளோடு யார் தங்குவது, காலையில் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது, சிறை டாக்டர் எழுதிய சீட்டை யார் வாங்கி வைத்திருப்பது என்று பெயரோடு முடிவு செய்துவிட்டுச் சிறை வாசலுக்குப் போங்கள்.