திண்மம், திரவம், வாயு: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

"திண்மம் கெட்டியாக இருக்கும், திரவம் ஓடும், வாயு கண்ணுக்குத் தெரியாது." மூன்றையும் ஒப்பிடச் சொன்னால் அடிக்கடி வரும் விடை இது. மூன்று வரியும் நிற்காது. பஞ்சும் மெழுகும் கெட்டியா? இரண்டும் திண்மம்தான். மணலும் ஓடும், ஊற்றினால் குவளையின் வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு மணியும் தன் வடிவத்தை விடுவதில்லை, கொட்டினால் குவியலாக நிற்கும், நீர் அப்படி நிற்காது. குளோரின் வாயுவோ மஞ்சள் கலந்த பச்சையில் நன்றாகவே தெரியும்.

கண்ணையும் கையையும் நம்பாமல் இரண்டே கேள்வி கேளுங்கள். தனக்கென்று வடிவம் உண்டா? தனக்கென்று பருமன், அதாவது அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு, உண்டா? திண்மத்துக்கு இரண்டும் உண்டு, திரவத்துக்குப் பருமன் மட்டும், வாயுவுக்கு இரண்டும் இல்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது துகள் படம், அதாவது பொருளில் உள்ள அணுக்களையும் மூலக்கூறுகளையும் புள்ளிகளாகக் காட்டும் படம். திண்மத்தில் நெருக்கமாக, வாயுவில் வெகு தொலைவில், திரவத்தில் நடுத்தரமாக என்று புள்ளிகளை வரைந்துவிடுகிறோம். அந்த நடுப்படம் தவறு. திரவத்தில் துகள்கள் ஏறக்குறைய திண்மத்தில் இருக்கும் அளவுக்கே நெருங்கி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. வரிசைதான் குலைந்திருக்கிறது, ஒன்றின் மீது ஒன்று வழுக்கி இடம் மாறுகின்றன. பெரும்பாலான உலோகங்கள் உருகும்போது சில விழுக்காடு மட்டுமே விரிகின்றன. பனிக்கட்டி உருகினால் சுருங்கவே செய்கிறது. அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம், நீருக்கு ஏறத்தாழ 1 கிராம். அதே நீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியானால் பருமன் சுமார் 1,600 மடங்காகிறது. உண்மையான தாவல் அங்கேதான். ஊசியில்லாத சிரிஞ்சில் காற்றை நிரப்பி, வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், உள்ளே போகும். நீரை நிரப்பி அழுத்தினால் அசையாது. துகள்களுக்கிடையே இடமே இல்லாதபோது எங்கே போகும்?

சரி, வாயுத் துகள்களுக்கு இடையில் என்ன இருக்கிறது? "காற்று" என்று சொல்லிவிடுவார்கள். காற்றே துகள்கள்தானே! இடையில் இருப்பது வெற்றிடம். சூடாக்கினால் துகள் பருக்கிறது என்பதும் இதேபோன்ற பிழை, பருப்பது இடைவெளி. திண்மத்தின் துகள்கள் அசையாமல் கிடக்கின்றன என்றும் எழுதக்கூடாது. நின்ற இடத்திலேயே அவை ஓயாமல் அதிர்கின்றன.

எடை, அடர்த்தி பற்றிச் சுருக்கமாக. வாயுவுக்கும் நிறை உண்டு: கடல் மட்டத்தில், 15 டிகிரியில், ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. மூன்று மீட்டர் நீள அகல உயரமுள்ள அறையில் 33 கிலோ காற்று இருக்கிறது. திண்மம் எப்போதும் திரவத்தைவிட அடர்த்தியானது என்றும் எழுதிவிடாதீர்கள், பாதரசத்தில் இரும்பு ஆணி மிதக்கும். பிசுபிசுப்பு வேறு, அடர்த்தி வேறு. எண்ணெய் நீரைவிடப் பிசுபிசுப்பானது, ஆனாலும் நீரின் மேல் மிதக்கிறது.

கடைசியாக, கொதிக்கும் கெண்டி. மூக்கிலிருந்து வரும் வெண்புகையை நீராவி என்கிறோம். அது குளிர்ந்து திரண்ட நுண்ணிய நீர்த்துளிகள், அதாவது திரவம். மூக்கை ஒட்டி, எதுவுமே இல்லாததுபோல் தெரியும் சிறு இடைவெளி இருக்கிறதே, நீராவி அங்கேதான் இருக்கிறது. உள்ளே எழும் பெரிய குமிழிகளிலும் அதே நீராவிதான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து வருவதில்லை. நிலை மாறும்போது மூலக்கூறு உடைவதில்லை, விலகிப் போகிறது.