அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகம்: கட்டணத்தைப் பார்த்து மிரளும் முன்

பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் சமயத்தில் அமெரிக்கா வந்து சேர்ந்த பலர், தனியார் பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பார்த்ததுமே ‘நமக்கு இது கட்டுப்படியாகாது’ என்று விட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அந்தத் தொகையை முழுதாகக் கட்டாதவர்கள் ஏராளம். கல்லூரியின் இணையதளத்திலேயே நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும். வருமானத்தைப் போட்டால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று தோராயமாகக் காட்டிவிடும்.

அப்புறம் விசா. கிரீன் கார்டு இருந்தால் ஃபாஃப்சா (FAFSA) என்ற விண்ணப்பத்தை நிரப்பி அரசு உதவி கேட்கலாம் (நிரப்புவது இலவசம், யாராவது பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்). எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா), எஃப்-1 (மாணவர் விசா) என்றால் அந்த வழி கிடையாது. ஆனால் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பணத்தில் தருவதற்கு அந்தத் தடை இல்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்றவை உதவி கேட்டதற்காக வெளிநாட்டு மாணவரை ஒதுக்குவதில்லை. மற்ற பல இடங்களில் கேட்பதே அட்மிஷனைப் பாதிக்கும். அதற்குப் பயந்து கேட்காமல் சேர்ந்தால், பின்னால் தர மாட்டோம் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. எச்-4 பிள்ளையை உள்நாட்டு மாணவர் கணக்கில் வைப்பார்களா, வெளிநாட்டு மாணவர் கணக்கில் வைப்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் (கல்லூரி தன் சொந்த உதவிக்காகக் கேட்கும் விரிவான நிதி விவரப் படிவம்) கேட்கும் கல்லூரிகள் இன்னும் துருவுவார்கள். ஊரில் இருக்கும் நிலம்கூடக் கணக்கில் வரும். மறைக்க வேண்டாம். ஊரிலுள்ள அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பினால் அதையும் விளக்கப் பகுதியில் எழுதுங்கள்.

உதவிக் கடிதம் வந்ததும் சந்தோஷப்படுவதற்கு முன் வரி வரியாகப் பாருங்கள். உதாரணத்துக்கு, மொத்த உதவி 38,000 டாலர் என்று இருக்கும். பிரித்துப் பார்த்தால் ஸ்காலர்ஷிப் 30,000. 5,500 மாணவர் கடன். மிச்சம் 2,500 பிள்ளை வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது. கடனையும் ‘உதவி’ என்று கூட்டிக் காட்டுவது எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

இன்னொன்று, ஸ்காலர்ஷிப் கட்டணத்தோடு சேர்ந்து ஏறுமா? இன்று 60,000 டாலராக இருக்கும் கட்டணம் ஆண்டுக்கு 4% ஏறினால் நான்காம் ஆண்டில் 67,500ஐத் தொடும். ஸ்காலர்ஷிப் அதே 30,000 என்றால் கூடுதல் 7,500 உங்கள் தலையில். ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) எவ்வளவுக்குக் கீழே போனால் ஸ்காலர்ஷிப் நின்றுபோகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு வந்துவிட்டது என்றால் உதவியைக் கூட்டித் தரச் சொல்லி ஆதாரத்தோடு கல்லூரியிடம் அப்பீல் செய்யலாம். பெரும்பாலும் மே 1க்குள் இடத்தை உறுதிசெய்ய வேண்டியிருக்கும். அதனால் அப்பீலை ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.