புக்கி எப்படி வளர்கிறார், எப்படி விழுகிறார், நடுவில் மாட்டியவர் வெளியே வருவது எப்படி

உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ புக்கியிடம், அதாவது மேட்சுக்குப் பந்தயப் பணம் வாங்கி நடத்துபவரிடம், பாக்கி இருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரை ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைய மேட்சுக்கு எதுவும் கட்டாதீர்கள். விட்டதைப் பிடிக்க ஒரே ஒரு பெட் என்று மனசு சொல்லும், அதைக்கூட நாளைக்குத் தள்ளிப் போடுங்கள்.

எனக்கு நெருங்கிய ஒருவருக்காக மூன்று இரவு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறேன். போனில் மெசேஜை மேலே தள்ளித் தள்ளி அவர் வாசிப்பார், நான் எழுதுவேன். ஜெயித்த பெட் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம், எந்த மேட்ச், கடைசி எத்தனை நிமிடத்தில் திரும்பியது என்றுகூடச் சொன்னார். தோற்றது வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும், "அதை விடு, அடுத்ததுக்குப் போ" என்பார். அந்த 'விடு'க்களை எல்லாம் கூட்டிப் பார்த்தபோதுதான் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அதனால்தான் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் புக்கியின் கணக்கு. சமபலம் உள்ள இரண்டு அணிகள் என்று வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ரேட்: 110 கட்டினால், ஜெயிக்கும்போது 100 லாபம். இந்தப் பக்கம் ஒருவர் 110, அந்தப் பக்கம் ஒருவர் 110, ஆக புக்கி கையில் 220. ஜெயித்தவருக்கு முதலோடு சேர்த்து 210 கொடுத்துவிட்டால் மீதி 10 அவருக்கு. யார் ஜெயித்தார்கள் என்ற கவலையே அவருக்குக் கிடையாது. பணம் ஒரே பக்கம் குவிந்தால் ரேட்டை நகர்த்துவார், இல்லையென்றால் மிஞ்சியதைத் தன்னைவிடப் பெரிய புக்கியிடம் கட்டிவிடுவார். நீங்கள் நஷ்டமில்லாமல் நிற்க வேண்டும் என்றாலே 100 பெட்டில் 52-க்கு மேல் சரியாக வர வேண்டும், அதுவும் வருஷம் முழுக்க. நான்கு மேட்சைக் கோத்து ஒரே பெட்டாகக் கட்டுவது இன்னும் மோசம். நான்கும் சரியாக வர 16-ல் ஒரு வாய்ப்பு, ஆக நியாயப்படி 1 கட்டியவருக்கு 16 வர வேண்டும், அதே ரேட்டில் கைக்கு வருவதோ 13-ஐத் தாண்டிக் கொஞ்சம். அந்த இடைவெளி முழுக்க அவருடையது, அதனால்தான் கோத்துக் கட்டச் சொல்லி அத்தனை ஆசை காட்டுகிறார்கள்.

ஆனால் சட்டத்துக்கு வெளியே இருக்கும் புக்கி இந்தக் கமிஷனால் மட்டும் பெரிய ஆளாவதில்லை. அவரைப் பெரிய ஆளாக்குவது கடன். முன்பணம் கேட்க மாட்டார், போனில் பெட் கட்ட ஒரு ஐடி கொடுப்பார், எவ்வளவு வரை கடனில் கட்டலாம் என்று ஒரு லிமிட் வைப்பார், வாரக் கடைசியில் செட்டில்மென்ட். நீங்கள் ஜெயித்த முதல் சில வாரம் பணம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் அவருக்கு விளம்பரம், நீங்களே பத்துப் பேரிடம் சொல்வீர்கள். தோற்கத் தொடங்கியதும் லிமிட் ஏறும். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கை கொஞ்சமாவது தயங்கும். திரையில் ஒரு எண் ஏறி இறங்கும்போது எந்தக் கை தயங்கும்?

இதை உலகமே பார்த்த ஒரு வழக்கு இருக்கிறது. பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானியின் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் இப்பே மிசுஹாரா. கலிஃபோர்னியாவில் ஸ்போர்ட்ஸ் பெட்டிங் சட்டவிரோதம். அங்கே ஆரஞ்ச் கவுண்டியில் மேத்யூ போயர் என்பவர் நூற்றுக்கணக்கான ஆட்களிடம் பெட் வாங்கிப் புக்கி தொழில் நடத்தினார், அவரிடம் 2021-ல் மிசுஹாரா பெட் கட்டத் தொடங்கினார். அமெரிக்க அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வைத்த கணக்கின்படி 2021 டிசம்பரிலிருந்து 2024 ஜனவரி வரை சுமார் 19,000 பெட், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25. ஜெயித்தது 14 கோடியே 22 லட்சம் டாலர், தோற்றது 18 கோடியே 29 லட்சம் டாலர், நிகர நஷ்டம் சுமார் 4 கோடியே 7 லட்சம் டாலர்.

அந்த இரண்டு பெரிய எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோற்ற ஒவ்வொரு 100-க்கும் 78 அவருக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதாவது அந்த மனிதர் கிட்டத்தட்ட தினமும் எதையோ ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கிறார், ஜெயித்துக்கொண்டேதான் மூழ்கியிருக்கிறார். உங்கள் வீட்டு ஆள் "நான் ஜெயிக்கவும்தான் செய்கிறேன்" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அந்த வார்த்தையை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லிமிட் முடியும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்று அவர் கெஞ்சிய மெசேஜ்கள் வழக்கில் இருக்கின்றன. இதுதான் கடைசி என்று ஒரு தடவை தன் தாய்மேல் சத்தியம் செய்கிறார். புக்கியும் ஏற்றிக் கொடுத்துக்கொண்டே போகிறார். ஓட்டானியின் வங்கிக் கணக்கிலிருந்து அவருக்கே தெரியாமல் பணம் அனுப்பியும், வங்கியில் தன்னையே ஓட்டானி என்று சொல்லிப் பேசியும், கிட்டத்தட்ட 1 கோடியே 70 லட்சம் டாலர் திருடினார் மிசுஹாரா, அதில் பெரும்பகுதி புக்கிக்குப் போனது. பெட்டில் விட்டது 4 கோடிக்கு மேல், அதில் பாதிகூட பணமாகக் கைமாறவில்லை. மீதி வெறும் பாக்கி.

புக்கியின் வீழ்ச்சி இந்தப் பாக்கியில்தான் ஆரம்பிக்கிறது. நோட்டில் அவர் கோடீஸ்வரர், அந்தக் கோடியில் பெரும்பங்கு அடுத்தவர் கொடுக்க வேண்டிய, அனேகமாகக் கொடுக்கவே முடியாத கடன். கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க வழியில்லை. அதனால் துரத்த வேண்டும், துரத்தினால் தடயம் விழும். 2023 நவம்பரில் மிசுஹாரா போனை எடுக்காதபோது புக்கி அனுப்பிய மெசேஜ் வழக்கில் இருக்கிறது. நியூபோர்ட் பீச்சில் நிற்கிறேன், ஓட்டானி நாயோடு நடந்து போவது தெரிகிறது, உன்னை எப்படிப் பிடிப்பது என்று அவரிடமே போய்க் கேட்கப் போகிறேன், உடனே கூப்பிடு என்கிறது அது. அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, ஆனால் படித்தவனுக்கு அன்று தூக்கம் வந்திருக்காது.

அப்புறம் பணம் போகும் பாதை. வங்கி, கசினோ, வரிக் கணக்கு என்று எங்கேயாவது ஒரு இடத்தில் அது எழுத்தாகிவிடும். அமெரிக்காவில் சூதாட்டத் தொழிலை மட்டும் வைத்துப் பிடிப்பதைவிட வரியை வைத்துப் பிடிப்பது பழைய வழி, 1931-ல் சிகாகோ தாதா அல் கபோனுக்கு 11 வருஷம் கிடைத்ததே வரி ஏய்ப்பில்தான். போயரும் 2024 ஆகஸ்டில் மூன்று குற்றங்களை ஒப்புக்கொண்டார்: சட்டவிரோதச் சூதாட்டத் தொழில், கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கியது, பொய் வரிக் கணக்கு. 2022-க்கு மட்டும் 40 லட்சம் டாலருக்கு மேல் வருமானத்தை மறைத்திருந்தார். அவர் போய் விளையாடிய லாஸ் வேகாஸ் கசினோ ஒன்றுக்கு, இப்படிப்பட்டவர்களை விளையாட விட்டதற்காக, 2025-ல் 1 கோடியே 5 லட்சம் டாலர் அபராதம்.

தண்டனையைப் பாருங்கள், நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். போயருக்கு 2025 ஆகஸ்டில் கிடைத்தது 12 மாதமும் ஒரு நாளும். மிசுஹாராவுக்கு அதே வருஷம் பிப்ரவரியில் கிடைத்தது 57 மாதம், அதோடு ஓட்டானிக்கு கிட்டத்தட்ட 1 கோடியே 70 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்க உத்தரவு. புக்கியின் கடனை அடைக்க இன்னொரு குற்றத்துக்குள் கால் வைத்தவர்தான் அதிக காலம் உள்ளே இருக்கிறார். உங்கள் வீட்டில் யாராவது ஆபீஸ் பணத்திலோ, அப்பாவின் வங்கிக் கணக்கிலோ, சீட்டுப் பணத்திலோ கை வைக்கப் போகிற நிலையில் இருந்தால் முதலில் தடுக்க வேண்டியது அதைத்தான். புக்கியிடம் இருக்கும் பாக்கி பெரிதாகவே இருக்கட்டும், அது அப்படியே நிற்கட்டும், திருட்டுப் பணத்தில் மட்டும் அது அடையக் கூடாது.

சரி, வெளியே வரும் வழிக்கு வருவோம்.

பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொண்டு கணக்கு எழுதுங்கள், தனியாக வேண்டாம். தேதி, கட்டியது, வந்தது, உண்மையில் கைமாறிய பணம், யார் யாரிடம் வாங்கியது, அவ்வளவுதான். திரையில் இருக்கும் பாக்கியையும், வட்டிக்காரரிடம் வாங்கியதையும், நண்பர்களிடம் வாங்கியதையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே தொகையாகப் பார்த்தால் இனி ஒரு பெரிய பெட்தான் வழி என்று தோன்றிவிடும். பிரித்து எழுதியபோது எங்களுக்கு முதலில் தெரிந்தது, அவசரமானது இரண்டே இரண்டுதான் என்பது. எழுதும்போது எதையும் அழிக்காதீர்கள், மெசேஜ்களையும் ஐடி விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஒருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள்.

அப்புறம் லிமிட்டை மூடுங்கள். புக்கியிடம் நீங்களாகப் போய் விளக்கம் சொல்ல வேண்டாம், பேச்சில் அவரை உங்களால் ஜெயிக்க முடியாது. பாதி தள்ளுபடி செய்கிறேன், மீதிக்கு விளையாடு என்பார். இல்லையென்றால் நான்கு ஆளைச் சேர்த்துவிடு, கமிஷனில் கழித்துக்கொள்கிறேன் என்பார். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. கடனாளி ஏஜென்ட் ஆவது இப்படித்தான், அந்த நிமிடமே நீங்கள் பெட் கட்டியவர் என்ற இடத்திலிருந்து தொழில் நடத்தியவர் என்ற இடத்துக்குப் போய்விடுகிறீர்கள், சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. உங்கள் வங்கிக் கணக்கை "ஒரு வாரம் மட்டும்" பயன்படுத்திக்கொள்கிறேன் என்றாலும் அதே கதைதான், மாட்டும்போது உங்கள் பெயர்தான் மாட்டும்.

பணம் கையில் புழங்காத மாதிரி செய்யுங்கள். சம்பளம் வரும் கணக்கை வீட்டில் ஒருவர் பார்க்கட்டும், தினச் செலவுக்கு மட்டும் கையில் இருக்கட்டும். கிரெடிட் கார்டு, உடனடிக் கடன் ஆப் எல்லாம் போனிலிருந்து போகட்டும். கேட்கச் சங்கடமாக இருக்கும், கேட்டுவிடுங்கள். வீட்டார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாக்கி முழுவதையும் ஒரே தவணையில் நீங்களே அடைத்துக் கொடுக்காதீர்கள். அடைத்த மறுநாள் புக்கியிடம் அந்த ஐடி சுத்தமாக, புது லிமிட்டோடு காத்திருக்கும்.

மிரட்டல் வந்தால் தனியாகச் சமாளிக்காதீர்கள், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பல நாடுகளில் பந்தயக் கடனை நீதிமன்றம் மூலம் வசூலிக்கவே முடியாது, ஆனால் பெட் கட்டியதும் குற்றமாக இருக்கலாம், அதனால் புகார் எழுதும் முன் சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. அடி, உதை, வீட்டுக்கு ஆள் வருவது என்று போனால் மட்டும் யோசிக்கவே யோசிக்காமல் போலீஸுக்குக் கூப்பிடுங்கள்.

இது ஒழுக்கக் குறைவு என்று வீட்டில் திட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு: சூதாட்டப் பழக்கம் முற்றினால் அது மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோய். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் அதைக் குடி, போதை அடிமைத்தனத்தோடு ஒரே வரிசையில் சேர்த்தார்கள், உலகச் சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சூதாட்டத்திலிருந்து மீண்டவர்கள் கூடிப் பேசும் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் 1957-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கியது, இன்று பல நாடுகளில் கூட்டம் நடக்கிறது, காசு வாங்குவதில்லை. பாக்கி வெளியே தெரிந்த முதல் சில நாட்கள்தான் மிகவும் பயப்பட வேண்டியவை. அவமானத்தில் ஆள் எந்த முடிவுக்கும் போகலாம், ராத்திரியில் தனியாக விடாதீர்கள், கணக்குக் கேள்விகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சாகப் போகிறேன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அதை மிரட்டலாக நினைக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, புக்கியே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? தப்பித்தோம் என்று ஐடியை அழித்துவிட்டு உட்கார வேண்டாம். ரெய்டில் முதலில் எடுப்பது போனும் லெட்ஜரும்தான், அதில் உங்கள் பெயர் இருக்கும். விசாரணைக்குக் கூப்பிட்டால் நீங்கள் எழுதி வைத்த நோட்டோடு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புக்கியிடம் உங்களுக்கு வர வேண்டிய ஜெயித்த பணம் ஏதாவது இருந்தால் அது வரப்போவதில்லை, அதை நம்பி யாருக்கும் தேதி சொல்லாதீர்கள். சில வாரம் கழித்துப் புது நம்பரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, அவருடைய வசூலை இனி நான்தான் பார்க்கிறேன், பழைய பாக்கியைப் பாதியில் முடித்துக்கொள்ளலாம், புது ஐடியும் தருகிறேன் என்பார். பேசாமல் போனை வையுங்கள். அந்த நம்பரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டை வழக்கறிஞருக்கு அனுப்புங்கள்.