வட ஆற்காட்டில் தேடியவர் சித்தூரில் கிடைத்தார்

மரபணுச் சோதனை முடிவில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் ஒருவருக்கும் எனக்கும் 142 சென்டிமார்கன் (பொதுவான மரபணுப் பகுதியை அளக்கும் அலகு) பொருந்துவதாகவும், எங்களுக்குக் கொள்ளுத்தாத்தா ஒருவராகவே இருக்கலாம் என்றும் வந்தது. ஆனால் கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகளில் எவரும் கப்பலேறவில்லை.

1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் தம் மூதாதையின் பக்கத்தை அவர் அனுப்பினார். மாவட்டம் வட ஆற்காடு என்றிருந்ததால், வேலூர், திருவண்ணாமலை வரைபடங்களில் ஒன்பது நாள் தேடினேன். பட்டியலில் இருந்த ஊர்ப்பெயரோடு ஒலியொத்த ஊர்கள் மூன்று அகப்பட்டன. மூன்றிலும் எங்கள் குலதெய்வத்தை அறிந்தவர் இல்லை.

பிறகுதான் தாலுகாக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்பில் தேய்ந்து, ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும் தெளிவாக இருந்ததால் போளூர் என்று படித்திருந்தேன், அது பலமநேர். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டை விட்டுப் போன அந்தத் தாலுகா இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய வரைபடத்தை விரித்ததும் ஊர் கிடைத்தது, பெரும் நிம்மதி.

பொருத்தக் கணக்கும் அப்போதே விளங்கியது. 142 என்பது எங்கள் இருவருக்கும் பொதுவான பல சிறு மரபணுத் துண்டுகளின் கூட்டு. மிக நீளமானதே 16தான். அத்தை மகள், மாமன் மகள் என்று தலைமுறைதோறும் மணம் முடித்த எங்களைப் போன்ற குடும்பங்களில் கூட்டுத்தொகை ஊதிவிடுவதால், தூரத்து உறவும் நெருங்கியதாகத் தோன்றும். நீளமான துண்டை வைத்து இரண்டு தலைமுறை மேலே தேடியபோது, பொது மூதாதை அந்த ஊரிலேயே அகப்பட்டார்.