காஃப்கா மெசேஜ் பெரிதாகிவிட்டதா? எந்த மடையில் அடைப்பு என்று பாருங்கள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பத்தமடைப் பாய் விற்கும் தளம் ஒன்றுக்கு ஆர்டர் அமைப்பு எழுதிக்கொண்டிருந்தோம். ஆர்டர்களை ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்கு மெசேஜாகக் கடத்துவது காஃப்கா என்ற மென்பொருள். ஒரு நாள் சாதாரணக் கோரைப்பாய் ஆர்டர்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன; மணமக்கள் பெயர் நெய்யும், படம் சேர்ந்து வரும் கல்யாணப் பாய் ஆர்டர்கள் மட்டும் வரவில்லை. லாக்கைத் திறந்தால் ‘ரெக்கார்ட் டூ லார்ஜ்’, அதாவது மெசேஜ் மிகப் பெரியது என்ற பிழை.

முதல் வேலை, பிழைச் செய்தியைக் கடைசி எழுத்துவரை படிப்பது. இத்தனை பைட், இதைவிடப் பெரியது என்று இரண்டு எண்களும் ‘மேக்ஸ் ரிக்வெஸ்ட் சைஸ்’ என்ற பெயரும் இருந்தால், தடுத்தது புரொடியூசர், அதாவது மெசேஜை அனுப்பும் நிரல். மெசேஜ் உங்கள் கணினியைத் தாண்டவே இல்லை. எண்ணே இல்லாமல் ‘சர்வர் ஏற்காது’ என்று மட்டும் சொன்னால், தடுத்தது புரோக்கர், அதாவது மெசேஜை வாங்கி வைக்கும் காஃப்கா சர்வர்.

அடுத்து, அளந்து பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி, “படம் வெறும் 900 கேபிதானே அண்ணாச்சி” என்றார். படம் 9,21,600 பைட்தான். ஆனால் அதை பேஸ்64 ஆக்கி, அதாவது வெறும் எழுத்துகளாக மாற்றி, ஜேசன் என்ற தரவு வடிவத்துக்குள் திணித்திருந்தார். மூன்று பைட் நான்காகும் கணக்கில் அது 12,28,800 ஆகிவிட்டது. புரொடியூசரின் இயல்பு வரம்பு 10,48,576. ஆகவே கோப்பை அளக்காதீர்கள். அனுப்பப்போகும் மெசேஜை அளந்து லாக்கில் எழுதுங்கள்.

சுருக்கி அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். புரொடியூசர் சுருக்குவதற்கு முந்தைய அளவைப் பார்க்கிறது, புரோக்கர் சுருக்கிய பிறகு உள்ள அளவைப் பார்க்கிறது. ஜிசிப் என்ற சுருக்கும் முறையைப் போட்டும் அதே பிழை வருகிறதே என்று நான் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது இதனால்தான்.

வரம்பை உயர்த்தியே ஆக வேண்டுமென்றால், வாய்க்கால் தூர்வாருவதுபோலக் கடைமடையிலிருந்து மேலே வாருங்கள். முதலில் மெசேஜைப் படிக்கும் நிரலான கன்சூமரின் ‘மேக்ஸ் பார்ட்டிஷன் ஃபெட்ச் பைட்ஸ்’, பிறகு புரோக்கர்கள் தங்களுக்குள் நகல் எடுப்பதற்கான ‘ரெப்ளிகா ஃபெட்ச் மேக்ஸ் பைட்ஸ்’, அதன்பின் மெசேஜ்களை வகைபிரித்து வைக்கும் டாப்பிக்கின் ‘மேக்ஸ் மெசேஜ் பைட்ஸ்’, கடைசியில் புரொடியூசர். காஃப்காவின் 0.10.1க்கு முந்தைய பதிப்புகளில் முதலிரண்டை மறந்தால் பெரிய மெசேஜ் வந்த இடத்திலேயே எல்லாம் நின்றுவிடும். டாப்பிக் வரம்பை மாற்ற புரோக்கரை நிறுத்த வேண்டாம். காஃப்காவோடு வரும் கான்ஃபிக்ஸ் கருவி போதும். மெசேஜ் வரம்பை புரோக்கர் முழுமைக்கும் உயர்த்தாதீர்கள், ஒரு டாப்பிக்குக்காக எல்லா டாப்பிக்கும் எதற்குச் சுமக்க வேண்டும்?

ஆனால் என்னைக் கேட்டால், படத்துக்கு காஃப்காவில் வேலையே இல்லை. அதைக் கோப்புச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டு, மெசேஜில் அந்தப் படம் இருக்கும் முகவரியை மட்டும் அனுப்புங்கள். சேமித்து முடித்த பிறகே மெசேஜ் போக வேண்டும். மாற்றிச் செய்தால் கன்சூமர் வந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. இன்னொன்று: டாப்பிக் இயல்பாக 7 நாள் மெசேஜை வைத்திருக்கும். படத்தை 3 நாளில் அழிக்கும்படி விதி வைத்தால், ஐந்தாம் நாள் அதே மெசேஜை மறுபடி படிக்கும் கன்சூமருக்கு முகவரி கிடைக்கும், படம் கிடைக்காது.