பழைய டீசல் காரில் பயோடீசல்: முதல் முறை ஊற்றுகிறவர்களுக்கு

ஓட்டல்களிலும் பலகாரக் கடைகளிலும் பொரித்து மீந்த பாமாயிலில் இருந்து தயாரான பயோடீசலை இருபது சதவீதம் கலந்துதான் என் பழைய இண்டிகாவை ஓட்டுகிறேன். கறுத்துப்போன அந்த எண்ணெய் மறுபடியும் வாணலிக்குப் போகக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கிய ரூகோ திட்டமும் இதற்காகத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமையல் எண்ணெயை வடிகட்டி அப்படியே டேங்கில் ஊற்றாதீர்கள். அது டீசலைவிடப் பத்து மடங்கு பிசுபிசுப்பானது. இன்ஜெக்டரில் இருந்து பனிபோல் தெளிக்காமல் சொட்டாக விழும், கரி பிடிக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். மெத்தனாலோடு வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்து எடுத்த பிறகுதான் அது பயோடீசல். அதை வீட்டிலேயே செய்யவும் வேண்டாம். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்க உரிமம் வேண்டும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அத்தனை பேரின் உயிரைப் பறித்தது அந்த மெத்தனால்தான்.

எந்த வண்டிக்கு?

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய அம்பாசிடர், இண்டிகா, சுமோ போன்றவற்றுக்கு மட்டும்தான் இந்தப் பதிவு. எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் எரிபொருள் தெளிக்கும் காமன் ரெயில் வண்டி, அதிலும் பிஎஸ்-6 வண்டி என்றால் பங்க்கில் கிடைக்கிற டீசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க அந்த இன்ஜின்கள் கூடுதலாக எரிபொருளைப் பீய்ச்சும். அதில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். டீசல் அங்கிருந்து ஓரளவு ஆவியாகிவிடும், பயோடீசல் அவ்வளவு எளிதில் போகாது. ஆயில் நீர்த்துப்போகும்.

வாங்கும்போது

ஐஎஸ் 15607 தரத்துக்கான பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். மலிவான தொழிற்சாலை எண்ணெயைப் பயோடீசல் என்று விற்பதும் நடக்கிறது. கூடவே இரண்டு சோதனைகளை நீங்களே செய்யலாம்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் மேலே பொன்னிறமாக எரிபொருளும் கீழே தண்ணீரும் கோடு போட்டதுபோல் பிரிய வேண்டும். நடுவில் வெள்ளையாகப் பால் படலம் நின்றால் சோப்பு இருக்கிறது, அல்லது வினை முழுமையாக முடியவில்லை. அந்தச் சரக்கு வேண்டாம்.

அடுத்தது அடர்த்தி. நல்ல பயோடீசல் 15 டிகிரியில் 0.86 முதல் 0.90 வரை காட்டும், டீசல் 0.83 பக்கம் நிற்கும். நம் ஊர் வெயிலில் ஹைட்ரோமீட்டர் 0.01 குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். டிஜிட்டல் கருவி எதுவும் தேவையில்லை, கண்ணாடி ஹைட்ரோமீட்டரே போதும். எனக்கு அதுதான் பிடித்தமும்.

கலப்பது

முதலில் டீசல், அதன்மேல் பயோடீசல். பயோடீசல் கனமானது, தானாக இறங்கிக் கலந்துவிடும். ஆரம்பத்தில் 27 லிட்டர் டீசலுக்கு 3 லிட்டர் போதும். சில டேங்க் ஓடிய பிறகு இருபது சதவீதம் வரை போகலாம், அதற்கு மேல் நான் போவதில்லை. பெயின்டில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், நிறம் போய்விடும்.

ஃபில்டர், ஃபில்டர், ஃபில்டர்

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். பயோடீசல் நல்ல கரைப்பான். பல வருடமாக டேங்கின் அடியில் படிந்திருந்த வண்டலை எல்லாம் கிளப்பிக்கொண்டு வரும். அது நேராக ஃபில்டரில் போய் அடைக்கும். என் வண்டி சமதளத்தில் ஒழுங்காக ஓடியது, ஐடிலிங்கும் சீராக இருந்தது. ஏற்காடு ஏற்றத்தில் மட்டும் இழுக்கவே இல்லை. பம்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார் ஒரு மெக்கானிக். ஃபில்டரைக் கழற்றியதும் உள்ளே இருந்த மடிப்புகளில் கறுப்புக் கூழ் அப்பியிருந்தது தெரிந்தது. புதியது போட்டதும் வண்டி பழையபடி ஏறியது.

அதனால் கையில் இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். மாற்றும்போது புதிய ஃபில்டரில் சுத்தமான டீசலை நிரப்பிக் கையாலேயே இறுக்குங்கள். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, கை பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் நுரையும் டீசலுமாக வரும், கடைசியில் குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும். அப்போது ஸ்க்ரூவை இறுக்குங்கள். பாதியில் விட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகி, சற்று நேரத்தில் ஏர் பிடித்து நின்றுவிடும்.

அப்படியே, மீந்த எரிபொருளை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஓஸையும் பாருங்கள். பழைய ரப்பர் ஓஸ் முதலில் வியர்க்கும், பிறகு பிசுபிசுவென்று இளகும். பயோடீசலைத் தாங்கும் விட்டான் ரப்பர் ஓஸ் விலை அதிகம்தான், ஆனாலும் அதையே போடுங்கள்.

பிற்சேர்க்கை

வாசகர்கள் சிலர் ஊட்டிக்குப் போனபோது காலையில் வண்டி கிளம்பவில்லை என்று எழுதியிருந்தார்கள். பாமாயிலில் செய்த பயோடீசல் 15 டிகிரிப் பக்கமே கலங்கத் தொடங்கிவிடும். சந்தேகமாக இருந்தால் நீங்கள் ஓட்டுகிற கலவையைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி ஓர் இரவு பிரிட்ஜில் வையுங்கள். காலையில் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால், மலைக்குப் போவதற்கு முந்தைய டேங்கிலேயே வெறும் டீசலுக்கு மாறிவிடுங்கள்.

சேமிப்பது பற்றியும் கேட்டிருந்தார்கள். துத்தநாகம் பூசிய டின் வேண்டாம், அதில் பயோடீசல் சீக்கிரம் கெட்டுவிடும். கெட்டியான பிளாஸ்டிக் கேனில் விளிம்பு வரை நிரப்பி நிழலில் வையுங்கள். நான் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை.