ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால்

மெமரி கார்டைச் செருகியதும் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கிறதா? வேண்டாம் என்று மூடிவிடுங்கள். பல சமயம் படங்கள் உள்ளேயே இருக்கும். எது எங்கே என்று குறித்துவைத்த அட்டவணைதான் கெட்டிருக்கும். கார்டில் புதிதாக எதையும் பதியவும் வேண்டாம்.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அந்த அட்டவணையை நம்புவதில்லை. ஜேபெக் படம் எந்த பைட்டுகளில் தொடங்கும் என்று அதற்குத் தெரியும்; அதை வைத்தே கார்டைத் துழாவி எடுக்கும். மீட்ட படங்களை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். பழைய கோப்புப் பெயர்கள் மட்டும் போய்விடும், எல்லாம் வெறும் எண்களாக வரும். உட்கார்ந்து பிரிப்பது தனிக் கொடுமை, ஆனாலும் படம் கிடைத்ததே!

ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டால் கதை வேறு. உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே சுழலும் தட்டிலிருந்து தகவலைப் படிக்கும் ‘ரீட் ஹெட்’ பழுதாகியிருக்கலாம். ஓட ஓடத் தட்டு கீறிக்கொண்டே போகும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள், ஈரம்தான் கோத்துக்கொள்ளும். சத்தம் இல்லாமல் மந்தமாக மட்டும் இருந்தால், லினக்ஸ் இயங்குதளத்தில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளைக் கொண்டு முதலில் முழுப் பிரதி எடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கெட்டதை அப்புறம்தான் தொடும். மீட்பு வேலையெல்லாம் அந்தப் பிரதியில்.